மூளை ஸ்கேனும் ஏஐயும் சேர்ந்து ஆட்டிசத்தைக் கண்டுபிடித்துவிடுமா?

கேள்வி இது: இரண்டரை வயதுப் பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. எம்ஆர்ஐ எடுத்து ஏஐ மென்பொருளில் கொடுத்தால் ஆட்டிசமா இல்லையா என்பது 95 சதவீதம் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னாராம். இணையத்திலும் அப்படிச் செய்திகள் நிறைய இருக்கின்றன. எடுக்கலாமா? வீட்டில் நான்கு மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள், அவளுக்கும் சேர்த்தே பார்த்துவிடலாமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் பையனுக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் காது கேட்கும் திறனுக்கான சோதனைக்கும், குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பார்ப்பதற்கும், பேச்சுப் பயிற்சிக்கும் செலவிடுங்கள். சின்னவளுக்கும் ஸ்கேன் வேண்டாம். ஆனால் அவளைப் பற்றிய உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூளைப் படங்களையும், தரவிலிருந்து கணினி தானே கற்கும் இயந்திரக் கற்றலையும் சேர்த்து நடக்கும் இந்த ஆராய்ச்சியைப் பல வருடங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன், அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் விடை தேடும் கேள்வி வேறு, உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் கேள்வி வேறு. அந்த 95 சதவீதம் அவர்களுடைய கேள்விக்கான விடை. ஏன் அப்படி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாளை வேறொருவர் வேறொரு எண்ணோடு வந்தால் நீங்களே எடைபோட்டுப் பார்க்க அது உதவும்.

ஒரே எம்ஆர்ஐ கருவியிலிருந்து பல வகைத் தகவல்களை எடுக்க முடியும். மூளையின் அமைப்பைப் படமெடுத்தால் அதன் வெளி அடுக்கான புறணி எவ்வளவு தடிமனாக இருக்கிறது, அதன் பரப்பளவு எவ்வளவு, ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு பெரியது என்று அளக்கலாம். நரம்பிழைக் கட்டுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைக் காட்டும் படம் இன்னொன்று. மூன்றாவது எஃப்எம்ஆர்ஐ. இது நரம்பு செல்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. அந்தந்த இடத்து ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. ஆட்டிச ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது இதன் ஓய்வுநிலை வடிவம்தான். ஆள் எதுவும் செய்யாமல் ஐந்து பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். மூளையை 200 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, எந்த இரண்டு பகுதிகளில் சமிக்ஞை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்று கணக்கிடுவார்கள். 200 பகுதி என்றால் 19,900 ஜோடிகள். ஆக ஒரு குழந்தையின் மூளை 19,900 எண்களாக மாறிவிடுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களின் எண்களையும் இல்லாதவர்களின் எண்களையும் அல்காரிதத்துக்குக் கொடுத்து, இரண்டையும் பிரிக்கும் கோட்டை அதையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

தொல்லை இங்கேயே ஆரம்பமாகிறது. 40 பேரைப் பற்றி ஆளுக்கு 19,900 எண்கள் கையில் இருந்தால், அந்த 40 பேரையும் பிழையே இல்லாமல் பிரிக்கும் ஏதோ ஒரு கோடு கிடைத்தே தீரும். அது ஆட்டிசத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 2010-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. 15 நிமிட ஸ்கேனில் ஆட்டிசம் தெரிந்துவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆய்வின் மையத்தில் இருந்தவர்கள் ஆட்டிசம் உள்ள 20 பெரியவர்களும் இல்லாத 20 பெரியவர்களும். 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில் 17 பேரும் 17 பேரும். அதில் துல்லியம் 97 சதவீதம். இவை எவையும் பொய் இல்லை, அந்த ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக்கையை மறைக்கவும் இல்லை. தலைப்புச் செய்தியில்தான் அது காணாமல் போனது.

பிறகு இந்தத் துறை பாராட்டத்தக்க ஒரு காரியம் செய்தது. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் படங்களை ஒரே இடத்தில் கொட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சோதிக்கலாம் என்று 2012-ல் திறந்துவிட்டன. அபைட் என்று பெயர். 17 இடங்களிலிருந்து 1,112 பேரின் படங்கள், அதில் 539 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். சில வருடங்களில் இரண்டாவது தொகுப்பு வந்து எண்ணிக்கை இரட்டிப்பானது. இத்தனை பேரை, இத்தனை ஊர் கருவிகளில் எடுத்த படங்களோடு, ஒரே அல்காரிதத்திடம் கொடுத்தபோது என்ன ஆயிற்று? 90 சதவீதங்கள் மறைந்தன. 2013-ல் தொகுப்பின் பெரும்பகுதியை வைத்துச் சோதித்த ஒரு குழுவுக்குக் கிடைத்தது 60 சதவீதம். 2018-ல் ஆழ்கற்றல் என்ற மேம்பட்ட இயந்திரக் கற்றல் முறையைக் கொண்டுவந்த குழு 70 சதவீதத்தைத் தொட்டது, அது பெரிய முன்னேற்றமாகவே பேசப்பட்டது. தொகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆட்டிசம் உள்ளவர்கள் என்பதால், காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 கிடைக்கும். அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த 70-ஐப் பாருங்கள்.

ஆட்கள் கூடக் கூடத் துல்லியம் குறைகிறது என்பது என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான செய்தி. உண்மையான ஓர் அடையாளத்தைக் கற்றுக்கொண்டிருந்தால் தரவு கூடும்போது அது தெளிவாக வேண்டும்.

இதைவிடப் பாடம் நிறைந்த கதை ஒன்று ஏடிஹெச்டியில், அதாவது கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு கொண்ட குறைபாட்டில் நடந்தது. 2011-ல் ஏடிஹெச்டி-200 என்று ஒரு சர்வதேசப் போட்டி வைத்தார்கள். எட்டு இடங்களிலிருந்து 776 பேரின் மூளைப் படங்களையும் விவரங்களையும் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் பதின்வயதினரும். அதன் பிறகு விடை மறைக்கப்பட்ட இன்னும் 197 பேர். இவர்களில் யாருக்கு ஏடிஹெச்டி, அதில் எந்த வகை, யாருக்கு எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். படங்களை வைத்துக் கணித்தவர்களில் முதலிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவுக்கு. துல்லியம் ஏறத்தாழ 61 சதவீதம். உள்ளே போய்ப் பார்த்தால், ஏடிஹெச்டி இல்லாத குழந்தைகளை 94 சதவீதம் சரியாகச் சொன்ன அந்த முறை, ஏடிஹெச்டி உள்ளவர்களில் 21 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தது. நூறு பேரில் 79 பேரை விட்டுவிட்டது.

ஆனால் அந்தப் போட்டியில் அதிக மதிப்பெண் எடுத்தது வேறு குழு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மூளைப் படத்தைத் தொடவே இல்லை. குழந்தையின் வயது, ஆணா பெண்ணா, வலது கையா இடது கையா, ஐக்யூ, எந்த மையத்தில் ஸ்கேன் எடுத்தது போன்ற விவரங்களை மட்டும் அல்காரிதத்துக்குக் கொடுத்தார்கள். 62 சதவீதத்தைத் தாண்டினார்கள். படத்தைப் பயன்படுத்தவில்லை என்பதால் அவர்களுக்குப் பரிசு இல்லை.

இது எப்படி நடந்தது என்று யோசித்தால் இந்தத் துறையின் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். ஏடிஹெச்டி என்று கண்டறியப்படுபவர்களில் பையன்கள் அதிகம். சில மையங்கள் நோயாளிகளை அதிகமாக அனுப்பியிருந்தன, சில குறைவாக. அந்த விகிதம் தெரிந்தாலே ஓரளவு ஊகித்துவிடலாம். சரி, இப்போது மூளைப் படத்துக்கு வாருங்கள். மூளையைப் பார்த்து வயதைச் சொல்லலாம், பாலினத்தை ஓரளவு சொல்லலாம், எந்தக் கம்பெனிக் கருவியில் எடுத்தது என்று கூடச் சொல்லிவிடலாம்; ஒவ்வொரு கருவியும் படத்தில் தன் முத்திரையைப் பதிக்கிறது. அப்படியானால் படத்தை வைத்து 61 சதவீதம் எடுத்த அல்காரிதம் கண்டுபிடித்தது ஏடிஹெச்டியையா, அல்லது படம் வழியாக வயதையும் பாலினத்தையும் மையத்தையுமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு புதிய ஆய்வுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேன் இல்லாமல், வெறும் அடிப்படை விவரங்களை வைத்து எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்ற ஒப்பீடு ஓர் ஆய்வில் இல்லையென்றால், அந்த ஆய்வின் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.

அசைவு இன்னொரு திருடன். எம்ஆர்ஐ கருவி பெரும் சத்தம் போடும், குறுகிய குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். பெரியவர்களுக்கே சிரமம். ஏடிஹெச்டி உள்ள குழந்தையும் ஆட்டிசம் உள்ள குழந்தையும் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் அசைவார்கள். தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால் கூட ஓய்வுநிலைப் படத்தில் கணக்கு மாறிவிடுகிறது என்று 2012-ல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. எப்படி மாறுகிறது என்பதுதான் கவலைக்குரியது. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகமாகவும், தூரத்துப் பகுதிகளுக்கு இடையே குறைவாகவும் தெரியும். ஆட்டிச மூளையில் தூரத் தொடர்புகள் பலவீனமாக இருக்கின்றன என்று அதுவரை வந்த ஆய்வு முடிவுகளின் சாயல் அப்படியே இதில் இருந்தது. அந்த முடிவுகள் எல்லாமே தவறு என்று ஆகிவிடவில்லை. ஆனால் எந்தப் பங்கு மூளையுடையது, எந்தப் பங்கு அசைவுடையது என்று திரும்பவும் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அசைவைச் சரிக்கட்டாமல் பயிற்சி கொடுத்த அல்காரிதம் குழந்தை நெளிந்ததைக் கண்டுபிடித்துவிட்டு ஆட்டிசம் என்று சொல்லக்கூடும்.

அப்புறம் 98, 99 சதவீதம் என்று இன்றும் வெளிவரும் கட்டுரைகள். இவற்றில் நிறைய இடத்தில் நடப்பது தரவுக் கசிவு. ஒரே ஆளின் மூளைப் படத்தை நூறு துண்டுப் படங்களாக வெட்டி, அவற்றைக் கலைத்துப் போட்டு, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைத் தேர்வுக்கும் வைத்துவிடுவார்கள். ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் இருக்கும். கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டு வந்த மாணவன் எடுக்கும் மார்க் அது. பயிற்சியில் இல்லாத ஆட்கள், முடிந்தால் பயிற்சியில் இல்லாத ஊர், இதுதான் நியாயமான தேர்வு. பிரான்ஸில் அப்படி ஒரு பெரிய போட்டி நடத்தி 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். 2,000 பேருக்கு மேற்பட்டோரின் படங்கள், 146 போட்டியாளர்கள். ஆட்டிசம் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் எடுத்து யார் எது என்று கேட்டால், முன்னணி முறைகள் சேர்ந்து நூற்றுக்கு 80 தடவை சரியாகச் சொல்லும் அளவுக்கு வந்தன. முற்றிலும் வேறு இடங்களில் சேகரித்த புதிய தொகுப்பைக் கொடுத்தபோது அது 72 ஆனது. இது நேர்மையாக எடுக்கப்பட்ட எண். மூளைப் படத்தில் ஆட்டிசத்தைப் பற்றிய உண்மையான தகவல் இருக்கிறது என்பதையும், ஒரு தனிக் குழந்தையைப் பற்றி முடிவெடுக்க அது போதாது என்பதையும் ஒருங்கே அது காட்டுகிறது.

இத்தனையையும் தொழில்நுட்பத்தால் நாளை சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பையனுக்கு அந்த அல்காரிதம் பொருந்தாது, அதுதான் எனக்குப் பெரிய ஆட்சேபம். இந்தத் தொகுப்புகளில் இருப்பவர்கள் யார்? ஸ்கேனருக்குள் அசையாமல் படுக்க முடிந்தவர்கள். அபைட் முதல் தொகுப்பில் மிகச் சிறியவருக்கே வயது ஏறத்தாழ ஏழு. ஆட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். பெரும்பாலோர் பேசக்கூடியவர்கள், ஐக்யூ சராசரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவர்கள். பேச்சே வராத இரண்டரை வயதுக் குழந்தை அந்தத் தரவில் இல்லை. அல்காரிதம் பார்த்தே இராத ஒரு குழந்தையைப் பற்றி அது சொல்வதை எதற்காக நம்ப வேண்டும்?

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்றும் கேளுங்கள். ஒப்பீட்டுக்கு எடுக்கப்படுபவர்கள் எந்தப் பிரச்சினையும் இல்லாத குழந்தைகள். ஆனால் உங்கள் டாக்டர் முன்னால் இருக்கும் கேள்வி "ஆட்டிசமா, ஒன்றுமே இல்லையா" என்பது இல்லை. ஆட்டிசமா, காது கேட்கவில்லையா, பேச்சு மட்டும் தாமதமா, அறிவு வளர்ச்சியில் தாமதமா, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கிறதா என்பது. இந்தக் கேள்விக்குப் பயிற்சி கொடுத்த கருவிகள் மிக அரிது.

அல்காரிதம் எதை விடையாக வைத்துப் படிக்கிறது என்பதும் உண்டு. ஆட்டிசம் என்பது நடத்தையை வைத்து வரையறுக்கப்பட்ட நிலை. அனுபவமுள்ள ஒருவர் குழந்தையோடு விளையாடி, கவனித்து, பெற்றோரிடம் விவரமாகக் கேட்டு முடிவு சொல்கிறார். அந்த முடிவைத்தான் அல்காரிதத்துக்குச் சரியான விடை என்று கொடுக்கிறார்கள். ஆகவே அது மனித நிபுணரை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றுகிறது என்று மட்டுமே அளக்க முடியும். அவரைத் தாண்டி உண்மையைச் சொன்னதா என்று அளக்க வேறு அளவுகோல் கிடையாது. நிபுணரையே பார்த்துவிட முடிகிற இடத்தில் ஸ்கேன் வழியாகச் சுற்றிப் போவதில் என்ன லாபம்?

லாபம் இருக்கிற இடம் ஒன்று உண்டு. நடத்தையில் எதுவுமே தெரியாத வயது. இங்கேதான் இந்த ஆராய்ச்சி உண்மையிலேயே என்னைக் கவர்கிறது. அமெரிக்காவில் ஐபிஸ் என்ற கூட்டமைப்பு, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள வீட்டில் பிறந்த கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் செய்தது. மயக்க மருந்து இல்லை. குழந்தை இயல்பாகத் தூங்கும் நேரம் பார்த்து எடுத்தார்கள். 2017-ல் நேச்சர் இதழில் வந்த முடிவு: பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையே மூளைப் புறணியின் பரப்பளவு வழக்கத்தைவிட வேகமாக விரிந்திருந்தது. வெளியே அறிகுறிகள் தெளிவாவதற்கு முன்பே. இந்த அளவுகளை ஆழ்கற்றல் முறைக்குக் கொடுத்தபோது, பிறகு ஆட்டிசம் உறுதியானவர்களில் 88 சதவீதம் பேரை அது முன்கூட்டியே அடையாளம் கண்டது. இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக இல்லை என்றது. அதே ஆண்டு, ஆறு மாதத்தில் எடுத்த ஒரே எஃப்எம்ஆர்ஐயை வைத்து 59 குழந்தைகளில் நடந்த இன்னொரு ஆய்வு, பின்னர் ஆட்டிசம் வந்த 11 பேரில் 9 பேரைச் சொன்னது. உங்களிடம் சொல்லப்பட்ட 95 எந்த ஆய்விலிருந்து வந்திருந்தாலும், இந்த வகை எண்ணை எப்படிப் படிப்பது என்று பாருங்கள்.

அப்படிக் கணிக்கப்பட்டவர்கள் எல்லாருமே மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள வீட்டுக் குழந்தைகள். அப்படிப்பட்ட வீடுகளில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 1,000 குழந்தைகளை எடுத்தால் 200 பேருக்கு ஆட்டிசம். கருவி அதில் 176 பேரைப் பிடிக்கும். மீதி 800 பேரில் 5 சதவீதம், அதாவது 40 பேரைத் தவறாகச் சுட்டும். ஆக கருவி "ஆம்" என்று சொன்ன 216 பேரில் 176 பேருக்கு உண்மையிலேயே ஆட்டிசம். பத்துக்கு எட்டு, நல்ல விகிதம்.

அதே கருவியை ஊரில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவோம். நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 10,000 பேரில் 100 பேர். கருவி 88 பேரைப் பிடிக்கும். மீதி 9,900 பேரில் 5 சதவீதம் 495 பேர். அவர்களையும் ஆட்டிசம் என்று சொல்லும். "ஆம்" என்று கேட்ட 583 குடும்பங்களில் 495 குடும்பங்களுக்கு அது தவறான செய்தி. கருவியில் எந்த மாற்றமும் இல்லை, அதே 88, அதே 95. யாருக்குப் போட்டோம் என்பது மட்டும்தான் மாறியது. துல்லியம் என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லி விற்கிறவர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

ஐபிஸ் குழுவே தங்கள் முடிவைப் பெரிய புதிய குழுவில் திரும்பச் சோதிக்கும் வேலையில் இறங்கியது. அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும்.

மூளை ஸ்கேனே வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு உதவாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மூளைவாதம் என்கிற செரிப்ரல் பால்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த, அல்லது பிறக்கும்போது மூச்சுத்திணறல் ஏற்பட்ட குழந்தைகளுக்கு மூளையில் சேதம் இருந்தால் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறபடி இருக்கும். 2017-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, ஐந்து மாதத்துக்கு முன்பே மூளைவாதத்தைக் கணிக்க எம்ஆர்ஐயையும் ஒரு கருவியாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் 86 முதல் 89 சதவீதம் பேரை அது காட்டிக்கொடுக்கிறது. அதே பரிந்துரையில் இன்னொரு முறையும் இருக்கிறது. படுத்திருக்கும் குழந்தையின் இயல்பான கை கால் அசைவுகளை வீடியோ எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பார்ப்பது. அது 98 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியைவிடக் குழந்தையை உற்றுப் பார்க்கத் தெரிந்த கண் முன்னால் நிற்கிறது.

வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவில் வேறொரு நல்ல திசை தெரிகிறது. 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், யாருக்கு டிஸ்லெக்சியா என்று அவர்கள் கேட்கவே இல்லை, அது முன்பே தெரியும். இந்தக் குழந்தைகளில் யார் இரண்டரை வருடத்தில் வாசிப்பில் முன்னேறுவார்கள் என்று கேட்டார்கள். வழக்கமான வாசிப்புத் தேர்வுகளால் அதைக் கணிக்க முடியவில்லை. மூளைப் படத்தால் முடிந்தது. 25 குழந்தைகள்தான், மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பெயர் சூட்ட ஸ்கேன் தேவையில்லை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி பலன் தரும் என்று ஸ்கேன் சொல்லுமானால், அன்றைக்கு நானே எடுக்கச் சொல்வேன்.

நடத்தையையே அளக்கும் இயந்திரக் கற்றல் கருவிகள் இதற்குள் மருத்துவமனை வரை வந்துவிட்டன. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2021-ல் பெற்றோரின் பதில்களையும் வீட்டு வீடியோக்களையும் வைத்துக் கணிக்கும் ஒரு மென்பொருளையும், 2022-ல் குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று பின்தொடரும் ஒரு கருவியையும் அனுமதித்தது. இரண்டும் மருத்துவருக்குத் துணையாக மட்டுமே. முதல் மென்பொருள் அனுமதிக்கான ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு "முடிவு சொல்லப் போதுமான தகவல் இல்லை" என்றே பதில் தந்தது. உறுதியாகத் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லும் கருவி என்பதால் அதன் மீது எனக்கு மரியாதை கூடியது.

இப்போது பையனுக்குச் செய்ய வேண்டியது. முதல் வேலை காது. கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் பெரா போன்ற கேட்புச் சோதனை செய்துவிட வேண்டும். டிவி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று இதை விட்டுவிடாதீர்கள்; சில ஒலிகள் மட்டும் கேட்காத குறை இருக்கலாம். அடுத்து குழந்தை வளர்ச்சி மருத்துவர். பக்கத்தில் தனியாராக யாரும் இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிஇஐசி என்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே கேள்விப்பட்டியல்கள் வைத்து, குழந்தையோடு நேரம் செலவழித்துப் பார்ப்பார்கள். ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற நிலை. பின்னால் சான்றிதழ் தேவைப்பட்டாலும் ஐசா என்ற இந்திய அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள், ஸ்கேனை வைத்து இல்லை.

பெயர் உறுதியாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுத் தாமதம் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும்; பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடங்க அது போதும். ஆட்டிசம் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் பயிற்சியால் கெடுதல் இல்லை. ஸ்கேனுக்கு நாள் குறித்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, அதை இரண்டு மூன்று இடத்தில் காட்டி அலைகிற மாதங்கள்தான் உண்மையான நஷ்டம்.

மருத்துவரே எம்ஆர்ஐ கேட்கும் சந்தர்ப்பங்கள் உண்டு, அப்போது மறுக்க வேண்டாம். வலிப்பு வந்திருந்தால், தலை அளவு வழக்கத்தைவிட மிகப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், ஒரு பக்கக் கை கால் பலவீனமாக இருந்தால், கற்றுக்கொண்ட திறன்களைக் குழந்தை இழந்துகொண்டே வந்தால், தோலில் வெளிறிய திட்டுகள் போலச் சில அடையாளங்கள் இருந்தால் எடுக்கச் சொல்வார்கள். அங்கே அவர்கள் தேடுவது ஆட்டிசத்தை இல்லை. அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய வேறொரு காரணத்தை. இந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் காரணம் இருக்கும்போது மட்டும் எடுப்பது நல்லது. இன்னொன்று, ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தமாகாது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளின் எம்ஆர்ஐ கதிரியக்க நிபுணரின் கண்ணுக்கு நார்மலாகத்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பயிற்சியை நிறுத்தும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாகச் சின்னவள். அண்ணனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானால், அவளுக்கும் வரும் வாய்ப்பு பொதுவான குழந்தைகளைவிட அதிகம்தான். 2024-ல் வெளியான, 1,600 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் மூத்தவருக்கு ஆட்டிசம் உள்ள தம்பி தங்கைகளில் 20 சதவீதம் பேருக்கு அது உறுதியானது. தங்கைகளுக்கு மட்டும் பார்த்தால் 13 சதவீதம். அதாவது நூற்றில் 87 தங்கைகளுக்கு வரவில்லை. ஐபிஸ் போன்ற ஸ்கேன் ஆய்வகத்தில் மட்டும் நடப்பது. பக்கத்து ஸ்கேன் சென்டரில் அவளுக்கு எடுக்கும் எம்ஆர்ஐயால் அந்தக் கணிப்பைச் செய்ய முடியாது. உங்களால் முடிந்தது அவளைக் கவனிப்பது. முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, 9 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறாளா, ஒரு வயதில் டாட்டா காட்டுகிறாளா, ஒன்றரை வயதில் காக்காவையோ நிலாவையோ விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறாளா என்று பாருங்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அண்ணனைப் பற்றி டாக்டரிடம் சொல்லி, 18 மாதத்திலும் 24 மாதத்திலும் ஆட்டிசத்துக்கான கேள்விப்பட்டியலைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஏதாவது ஒன்று தள்ளிப்போனால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல், அண்ணன் போகும் அதே மையத்தில் அவளையும் காட்டிவிடுங்கள்.